பூனைச் சட்டையின் இடது கை

...இல்லை, தெரியாமல்தான் கேட்கிறேன், உடம்புக்கு அளவாகத் துணி போட்டுக்கொள்ள இப்போது யாருக்கும் தெரியாதா, இல்லை தெரிந்தேதான் இப்படித் திரிகிறார்களா, ரெண்டு பேர் உள்ளே நுழையலாம் போலத் தொளதொளவென்று ஒரு சட்டை, உள்பக்கம் பஞ்சு, வெளியே நெஞ்சு நிறையத் தூங்குகிற கறுப்புப் பூனைப் படம், அதற்கு ஸ்வெட்ஷர்ட் என்று பேர், வெயிலில் வேர்க்க விறுவிறுக்க வருகிற பெண்கள் கடைக்குள் ஏசி காற்று பட்டதும் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, ஐயோ என்ன சுகம் என்கிறார்கள், சுகமாம், போர்வைக்குக் கை தைத்துக் கொடுத்தாலும் வாங்குவார்கள். அதை ஐந்து விதமாகப் போடலாம் என்று தலைமை அலுவலகத்திலிருந்து தாள் வந்திருக்கிறது, நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஆள், எனக்குப் படம் போதும். முதல் பொம்மைக்கு ஜீன்ஸுக்கு மேல் சும்மா தொங்கவிட வேண்டும், ரெண்டாவதுக்கு உள்ளே வெள்ளைச் சட்டை, காலர் மட்டும் எட்டிப் பார்க்க வேண்டும், மூன்றாவதுக்கு முன்பக்கத்தை மட்டும் நீளப் பாவாடைக்குள் செருகி ரெண்டு கையையும் முழங்கை வரை சுருட்டி ஏற்ற வேண்டும், நாலாவது தோளில் போர்த்திக்கொண்டு கைகளை நெஞ்சில் முடிச்சுப் போட்டுக்கொள்ளும், ஐந்தாவதுக்கு இடுப்பில் கட்டிவிட வேண்டும். இடுப்பில் கட்ட எதற்குச் சட்டை, துண்டு போதாதா... கேட்டால் கிழவனுக்கு என்ன தெரியும் என்பார்கள். பதினெட்டு வருஷமாக இந்தத் துணிக்கடை வாசல் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று பொம்மைகளுக்கு உடுத்திவிடுகிறேன், எனக்குத் தெரியாதாம்.

தொல்லை அந்த மூன்றாவதோடுதான். இன்றோடு நாலு நாள். காலை ஒன்பதுக்கு வந்து ரெண்டு கையையும் சுருட்டி, மடிப்பு நிற்பதற்காக உள்ளே மெல்லிய தாளைச் சுருட்டி வைத்து, எதிரே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தால், வலது கை வைத்தபடியே இருக்கிறது, இடது கை மட்டும் இறங்கி விரல் நுனி வரை மூடியிருக்கிறது. முதல் நாள் தானாகச் சரிந்தது என்று நினைத்தேன். பஞ்சுத் துணி அப்படிச் சரியுமா? அதுவும் ஒரு சுருக்கம் இல்லாமல்? பொம்மையின் விரல்கள் விரிந்திருக்கும், துணி அதில் மாட்டும், ஒழுங்காக இறக்க வேண்டும் என்றால் மணிக்கட்டைக் கால் சுற்று திருப்பிக் கையைக் கழற்றி, துணியை இறக்கி, மறுபடி கையை மாட்ட வேண்டும், கட்டை விரல் உள்பக்கம் பார்க்க. புதுசாக வருகிறவன் கட்டை விரலை வெளியே திருப்பி வைத்துவிட்டுப் பேய் மாதிரி நிற்க வைப்பான். இது அப்படி இல்லை, தொழில் தெரிந்த கை. இந்தக் கடையில் அது தெரிந்தவன் நான் ஒருத்தன்தான்... அப்படியானால் எவனோ என்னைப் பார்த்தே கற்றுக்கொண்டு என் வேலைக்கே உலை வைக்கிறான். கல்லாக்காரனா? அவன் என்னைப் பார்த்துச் சிரித்தால் சிரிப்பு உதட்டைத் தாண்டாது. தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிற குண்டூசியா? எப்போதும் வாய் ஓரத்தில் ஊசியைக் கடித்திருப்பதால் அவளுக்கு அந்தப் பேர். அவளிடமே கேட்டேன், யாரும்மா இதைத் தொட்டது என்று.

"என்னையா கேக்குறீங்க பெரியப்பா? உயிரோட இருக்கறவங்களுக்கே அளவெடுத்து முடியல. பொம்மைக்கு வேற போவேனா?" என்றாள். ஊசியை எடுக்கவே இல்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. "அது கிடக்கட்டும். இன்னிக்கு மத்தியானம் உங்க பொண்ணு வருதாமே, பெரியம்மா சொன்னாங்க. லீவு போட்டுட்டு வீட்டுல இருக்கக் கூடாதா?"

வீட்டு விஷயம் கடைக்கு வருகிறது பார், வாயில் கதவு போட்டாலும் இவள்களுக்கு ஜன்னல் இருக்கும். ஆமாம், வருகிறாள், ரெண்டு வருஷம் கழித்து. காலையில் நான் செருப்பு மாட்டும்போது வீட்டுக்காரி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள், அவ அரைக்கை போட்டுட்டு வருவா, கையைப் பத்தி ஒரு வார்த்தை பேசினீங்க, இனிமே இந்த வீட்டுப் பக்கம் வரவே மாட்டா, நானும் அவளோட கிளம்பிடுவேன் என்றாள். அவளை விலக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். அந்தக் கை... ஆறு வயதில் அவள் மேல் வெந்நீர் கொட்டியது, இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் வெந்து, ஆறியதும் மெழுகு வழிந்தாற்போல நின்றுவிட்டது, பாத்திரத்தை அடுப்பு ஓரத்தில் வைத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை... அதற்கப்புறம் அவளுக்கு நான் வாங்கியதெல்லாம் முழுக்கை. வெயில் காலத்திலும் முழுக்கை. விருந்தாளி வந்தால், மூடிக்கோ. போட்டோ எடுத்தால், மூடிக்கோ. பெண் பார்க்க வந்தவன் முன்னால் தட்டை நீட்டுகிறபோது சட்டைக் கை விலகியது, மூடிக்கோ என்று நான் சொன்னது அத்தனை பேருக்கும் கேட்டது. அவள் தட்டைக் கீழே வைத்தாள். ரெண்டு கையையும் முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டாள். "எனக்குக் கூசலப்பா. உங்களுக்குத்தான் கூசுது" என்றாள். மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்கு வேலைக்குப் போனாள். நல்லதுக்குத்தானே சொன்னேன்? நல்லதுக்குத்தானே... ஊர் வாய் எப்படிப்பட்டது என்று இவர்களுக்கு என்ன தெரியும்.

மேனேஜர் கூப்பிடுகிறார் என்றார்கள். சின்ன வயசு, கழுத்தில் அட்டை. கைக்குட்டை எடுக்கச் சட்டைப்பையில் கை விட்டேன், விரலில் தாள் தட்டுப்பட்டது, மடிப்புக்கு உள்ளே வைக்கிற மெல்லிய தாள், நாலு, நாலும் நாலாக மடித்தவை. மிச்சத் தாளை நானே எடுத்து வைத்திருப்பேன், வேறென்ன. அவர் டிவிப் பெட்டியைத் திருப்பி, "ஐயா, உக்காந்து பாருங்க. கோவப்படக் கூடாது" என்றார். கேமராப் படம். இன்று காலை, ஒன்பது இருபது. கண்ணாடிக்குள் ஒரு கிழவன் நிற்கிறான், முதுகுதான் தெரிகிறது. என் சட்டை மாதிரிச் சட்டை, என் வழுக்கை மாதிரி வழுக்கை, உலகத்தில் வழுக்கைக்கா பஞ்சம். மூன்றாவது பொம்மையின் இடது கையைப் பிடிக்கிறான். மணிக்கட்டைக் கால் சுற்று. கழற்றுகிறான். அந்தக் கையைத் தன் ரெண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நிற்கிறான், நிற்கிறான், நின்றுகொண்டே இருக்கிறான், படம் நின்றுவிட்டதோ என்று பார்த்தால் ஓரத்தில் நேரம் ஓடுகிறது. அப்புறம் துணியை இறக்கிக் கையை மாட்டி, கட்டை விரல் உள்பக்கம், விரல் நுனி வரை தடவிவிட்டு, பொம்மையின் காதருகே குனிந்து என்னவோ சொல்கிறான்.

"இது யாரு?" என்றேன்.

மேனேஜர் டிவிப் பெட்டியை அணைத்தார். கதவுப் பக்கம் குண்டூசி நின்றிருந்தாள், வாயில் ஊசி இல்லை, முதல் தடவையாக அவள் உதட்டை முழுசாகப் பார்க்கிறேன். "மூடிக்கோம்மான்னு சொல்லுவீங்க பெரியப்பா. நாலு நாளா கேக்குது. கூப்பிட்டுப் பாத்தேன், நீங்க திரும்பவே இல்ல. பயமா இருந்துச்சு, அதான் யார்கிட்டயும் சொல்லல."

அந்த நேரத்துக்கு நான் டீக்கடையில் இருந்தேன் என்றேன். சத்தமாகவே சொன்னேன். தினம்தான் குடிக்கிறேன்... இன்று குடித்தேனா? சூடாக இருந்ததா, ஆறியிருந்ததா? நாக்கில் ஒன்றுமே இல்லை. நேற்று? "ஐயா, உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது. இன்னிக்கு வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க" என்றார் மேனேஜர். ரெஸ்டாம். படத்தில் எதை வேண்டுமானாலும் காட்டலாம், இந்தக் காலத்தில் செத்தவனைக்கூடப் பேச வைக்கிறான்கள், ஒரு கிழவனைக் குனிய வைக்க எவ்வளவு நேரம் ஆகும். நான் எழுந்து வந்துவிட்டேன், யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. தெருவில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. அது நான் இல்லை. எனக்குத் தெரியாமல் என் வாய் எப்படிப் பேசும், வாயை என்ன வாடகைக்கா விட்டிருக்கிறேன்... வீட்டுக்குப் போய், அவள் வந்ததும், சாப்பிடும்மா என்பேன், வேலை எப்படி என்பேன், அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை வராது. நான்தானே பேசப்போகிறேன்? அது நான் இல்லவே இல்லை, எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். ஆனால் அந்த ஆள் பொம்மையை விட்டு நகர்ந்து படத்தின் ஓரத்தில் மறைந்தானே, எந்தப் பக்கம் போனான்? யாரும் கேட்கவில்லையே, நானும் கேட்காமல் வந்துவிட்டேனே... மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது, பஸ் எதுவும் கண்ணில் படவில்லை, நடக்கிறேன், கொஞ்சம் எட்டிப் போட்டே நடக்கிறேன், எனக்கு முன்னால் அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது.