கற்பூரத் தண்ணீர்

கடைசிக் குடத்தில் கற்பூரத்தைப் பொடித்துப் போட்டு இறந்துபோன வாப்பாவின் மேல் ஊற்றினார்கள். தண்ணீர், கூடத்தை ஒட்டிப் பாத்திரம் கழுவும் அங்கணத்துக் குழிக்குள் இறங்கிப் போயிற்று. மகன் சல்மான் ஃபாரிஸ் துண்டை எடுத்துக் கொடுத்தான். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த உடம்பு அவனுக்கு. உட்கார்ந்தால் தூங்கிவிடுவோமோ என்று பயமாக இருந்தது. அழுகைகூட வரவில்லை.

கபன் துணி சுற்றிக் கூடத்தில் கிடத்தினார்கள். தலைமாட்டுச் சுவரில் அந்த வெடிப்பு, மேலிருந்து தரைவரை, விரல் நுழையும் அகலத்தில். பக்கத்து வீட்டு ரசீத் மாடி கட்ட அஸ்திவாரம் தோண்டிய வருஷம் விழுந்தது. அவர் தோண்டியதுதான் காரணம் என்று வாப்பா ஜமாத் வரைக்கும் போனார். சுவர் இன்னும் விலகுகிறது என்று காட்ட, வெடிப்பின் குறுக்கே கண்ணாடித் துண்டை வைத்துச் சிமெண்டால் ஒட்டினார். அது உடையும்போதெல்லாம் மதிலோரம் நின்று கத்துவார். ரசீத் வாயைத் திறக்க மாட்டார். நாளடைவில் சலாமும் நின்றுபோயிற்று.

உம்மா மஹ்மூதா பீவி மகனை அருகே கூப்பிட்டாள்.

"ரசீத்து தொப்பியப் போட்டுட்டு அவன் முத்தத்துல நிக்கான். நான் செத்தா என்னத் தூக்கிட்டுப் போற சந்தூக்குல அவன் கை வைக்கக் கூடாதுன்னு உங்க வாப்பா சொல்லிருக்காங்கள்லா. பைய போயி சொல்லிட்டு வா."

"இன்னைக்கேவா உம்மா?"

"நாளைக்குச் சொல்லி என்ன செய்ய?"

ரசீத் வீட்டு முற்றத்துக்கு மதிலோரச் சந்து வழியாகத்தான் போக வேண்டும். சந்தில் கால் நனைந்தது. மழை விட்டு எவ்வளவோ நாளாயிற்று. குனிந்து பார்த்தான். ரசீத்தின் சுவரடியில் தண்ணீர் ஊறி வந்துகொண்டிருந்தது. கற்பூரம் மணத்தது.

சல்மான் அப்படியே நின்றுவிட்டான். அங்கணத் தண்ணீர் தெருச் சாக்கடைக்குப் போகவே இல்லை. பழைய குழாய் உள்ளேயே உடைந்து, தங்கள் அஸ்திவாரத்து மண்ணை அரித்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்திருக்கிறது. வாப்பா தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு எடுத்த தண்ணீர், உம்மா பாத்திரம் கழுவிய தண்ணீர், எல்லாம். ரசீத்தின் புதுச் சுவரும் இடுப்பளவுக்குப் பாசி பிடித்துப் பொரிந்திருந்தது.

ரசீத் பக்கத்தில் வந்து நின்றார்.

"இது எப்ப இருந்து சாச்சா?"

"அது கெடக்குலே. நான் தோண்டும்போதே மண்ணு சோப்புத் தண்ணியில ஊறித்தான் கெடந்துச்சு."

"வாப்பாட்ட சொல்லிருக்கலாம்லா?"

"சொல்லப் போனேன். அண்ணன் மொகத்தத் திருப்பிக்கிட்டாங்க. அப்புறம் படுத்துட்டாங்க. முடியாத மனுசன்ட்ட, ஒங்க வீட்டுத் தரையத் தோண்டிப் பாருங்கன்னு எப்படிச் சொல்ல?" தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "நீ எதுக்கு வந்தன்னு தெரியும். நான் பின்னால நடந்து வாரேன். தொட மாட்டேன்."

சல்மான் சுவரடியில் ஊறும் தண்ணீரைப் பார்த்தான். செத்துப்போனவர்மேல் கோபப்படவும் முடியவில்லை.

"முன்னால நீங்க பிடிங்க சாச்சா" என்றான்.

வீட்டுக்குள் ரசீத்தைக் கண்டதும் உம்மா மகனை ஏறிட்டுப் பார்த்தாள்.

"தண்ணி நம்ம வீட்டுலருந்துதான் போகுது உம்மா."

அவள் சுவரைப் பார்த்தாள்.

சந்தூக்கைத் தூக்கினார்கள். முன்பக்கம் ஒரு தோள் சல்மான், மறுதோள் ரசீத். உம்மாவின் தங்கை அலிமா பீவி, குளிப்பாட்டி மிஞ்சிய தண்ணீர் வாளியோடு அங்கணத்துப் பக்கம் போவது தெரிந்தது. வாசலைத் தாண்டும்போது பின்னால் உம்மாவின் குரல் கேட்டது.

"அங்கன ஊத்தாத அலிமா. தெருவுல கொண்டு ஊத்து."

ரசீத் தோளை மாற்றிக்கொண்டார்.