இடுக்கி கைமாறிய ஞாயிறு

எங்கள் மெட்டல் டிடெக்டர் சங்கத்தில் ஒரு பாழாய்ப்போன விதி உண்டு. வருடத்தில் மிகக் குறைவாக வெள்ளிக்காசு தோண்டியவர்தான் அடுத்த வருடம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோருக்கும் சாசேஜ் சுட வேண்டும். மூன்று வருடமாகச் சாசேஜ் புரட்டும் இடுக்கி என் கையில்தான். மற்றவர்கள் மேஜையில் காசுகளைப் பரப்பி ஆகா ஓகோ என்று கூத்தடிக்கும்போது, நான் புகையில் கண் எரிய வெங்காயம் புரட்டிக்கொண்டிருப்பேன். அந்த மேஜையில் ஒரே ஒரு தடவை என் காசை வைத்துவிட வேண்டும். வேறு ஆசையே எனக்கு இல்லை. அன்றைக்கு வருடத்தின் கடைசிக் கூட்டம், என் கணக்கு அப்போதும் பூஜ்யம்.

இடம், ஆஸ்திரேலியாவில் பெண்டிகோ ஊருக்கு வடக்கே ஓர் ஆற்றோரப் புல்வெளி. தங்கம் தோண்டிய காலத்து ஜனங்கள் பிக்னிக் வந்த இடம். முப்பது வருடமாக நாங்கள் அதைச் சல்லடை போட்டுச் சலித்துவிட்டோம். ஆணியும் பீர் மூடியும்தான் மிச்சம்.

முந்தின நாள் காற்றில், நாங்கள் எப்போதும் கார் நிறுத்தும் பெரிய யூகலிப்டஸ் மரத்தின் கிளை முறிந்து விழுந்திருந்தது. எல்லோரும் காரைச் சாலையோரத்திலேயே விட்டார்கள். ஆண்கள் கிளையை இழுத்துப் போட்டார்கள். எங்கள் தலைவர் க்ளைவ், ஓய்வுபெற்ற பிளம்பர், டிடெக்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"மெர்ல், வெங்காயம் கொஞ்சம் தூக்கலா போடு. அடுத்த வருசத்துக்கும் இப்பவே சொல்லி வச்சிட்டேன்."

"உன் வாய்ல கொள்ளிய வைக்க! வருசம் பூரா உனக்குக் கிடைச்சது ஒரே ஒரு மூணு பென்னிக் காசு. எனக்கு அடுத்த கடைசி நீதான். ரொம்பத் துள்ளாதே."

"பூஜ்யத்தைவிட ஒண்ணு பெருசுதானே அம்மணி!"

எல்லோரும் ஆற்றுப் பக்கம் போய்விட்டார்கள். நான் அடுப்பைப் பற்றவைக்கப் போனேன். அப்போதுதான் பார்த்தேன், மரத்தடி வெறிச்சென்று கிடந்தது. அங்கே கார் இல்லாமல் நான் பார்த்ததே இல்லை.

புதிதாகச் சேருகிறவர்களிடம் நாங்கள் வாய் வலிக்கச் சொல்லும் பாடம் ஒன்றுதான்: ஜனங்கள் உட்கார்ந்த இடத்தில் தேடு. அந்தக் காலத்து ஜனங்கள் எங்கே உட்கார்ந்திருப்பார்கள்? வெயிலிலா? எங்களுக்கு நிழல் தந்த மரம்தானே அவர்களுக்கும் தந்திருக்கும்! முப்பது வருடமாக நல்ல இடத்தின் மேல் காரை நிறுத்திவிட்டு, மிச்ச இடத்தையெல்லாம் துழாவியிருக்கிறோம். அடக் கடவுளே, இத்தனை பெரிய முட்டாள்களா நாங்கள்!

அடுப்பாவது மண்ணாவது. டிடெக்டரை எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு ஓடினேன். ஒரு பீர் மூடி. இன்னொன்று. துருப்பிடித்த போல்ட், யார் காரிலிருந்து விழுந்ததோ. வேருக்குப் பக்கத்தில் டிடெக்டரிலிருந்து மெல்லிசாக, சுத்தமாக ஒரு சத்தம். எந்தப் பக்கமிருந்து அதை வீசினாலும் அதே சத்தம்; ஆணி இப்படிப் பாடாது. புல்லை மூடி மாதிரி வெட்டித் திறந்து, மண்ணை விரலால் தள்ளினேன். வெள்ளை வெளேரென்று எட்வர்ட் ராஜாவின் தாடி தெரிந்தது. 1910-ஆம் வருட வெள்ளி ஷில்லிங். கத்த வாயைத் திறந்தவள் கையால் பொத்திக்கொண்டேன். தெரிந்தால் அத்தனை பேரும் ஓடி வந்துவிடுவார்களே!

சரியாகப் பன்னிரண்டுக்கு க்ளைவ் விசில் ஊதினார். அதற்குப் பிறகு எடுப்பது எதுவும் கணக்கில் சேராது. எல்லோரும் பசியோடு வந்தார்கள்.

"என்ன மெர்ல், அடுப்பே பத்த வைக்கல? சாசேஜ் எங்க?"

நான் உள்ளங்கையை விரித்தேன். க்ளைவ் குனிந்து பார்த்தார்.

"எ... எங்க எடுத்த?"

"நீ எப்பவும் காரை நிறுத்துற இடத்துல."

"ஒண்ணுக்கு ஒண்ணு. சமம்தான்," என்றார் க்ளைவ்.

"மூணு பென்னியும், பன்னிரண்டு பென்னி ஷில்லிங்கும் சமமாய்யா? வெட்கமா இல்ல?" என்று பின்னாலிருந்து யாரோ கத்த, மற்றவர்கள் கைதட்டிவிட்டார்கள். இடுக்கியை நானே அவர் கையில் திணித்தேன்.

"மெர்ல், எண்ணெய் எவ்வளவு ஊத்தணும்? மெர்ல்! நானும் அந்தக் காசைப் பாக்கணும்!"

நான் திரும்பவே இல்லை. மேஜையில் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டிருந்தார்கள். ஷில்லிங்கை நடுவில் வைத்தேன். எல்லாத் தலைகளும் அதன் மேல் குனிந்தன.