எவேலியோவின் முட்டியும் ஓசோன் குழாயும்

முட்டிவலிக்கு ஓசோன் வாயு என்று டாக்டர் மைலின் எழுதிக் கொடுத்தபோது, முட்டியில்தான் ஏற்றுவார்கள் என்று எவேலியோ நம்பினார். கால்சட்டையை முட்டிவரை சுருட்டிக்கொண்டு படுத்தார். நர்ஸ் அதை இறக்கச் சொன்னாள். பிறகு குப்புறப் படுக்கச் சொன்னாள். பதினைந்து நாள், தினம் ஒரு குழாய்.

அவர் கார்தெனாஸ் நகரத்தில் இருபத்தாறு வருடமாக பேஸ்பால் நடுவர். பந்து பிடிக்கிற கேட்சரின் முதுகுக்குப் பின்னால் குந்தி, வருகிற பந்தைப் பார்ப்பது வேலை. குந்த முடியாத நடுவரை மூன்றாம் முனைக்கு அனுப்புவார்கள். அங்கே நின்று ஈ ஓட்டலாம். ஞாயிற்றுக்கிழமை நகர இறுதிப் போட்டி. அதற்குள் முட்டி மடங்க வேண்டும். எந்த வழியாக மடங்கியது என்பது யாருக்கும் தெரியக் கூடாது. நடுவரின் பின்புறத்தைப் பற்றி கேலரிக்கு ஒரு விஷயம் தெரிந்துவிட்டால், அதற்கப்புறம் அவர் வாயிலிருந்து வருவது எதுவும் தீர்ப்பாகாது.

மருத்துவமனை வரிசையில் யாரும் வரிசையாக நிற்பதில்லை. வருகிறவர் யார் கடைசி என்று கேட்பார், கடைசி ஆள் கையைத் தூக்குவார், அந்த முகத்தை மனதில் வைத்துக்கொண்டு நிழல் பார்த்து உட்காருவார். மூன்றாம் நாள் ஒரு குரல் கேட்டபோது எவேலியோ கையைத் தூக்கவில்லை. சுவரொட்டியைப் படித்துக்கொண்டிருந்தார். கடைசி ஆள் இல்லாத வரிசையை அந்த ஊர் பார்த்ததில்லை. நான் இல்லை, நீ இல்லை என்று சண்டை மூண்டது. நர்ஸ் வெளியே வந்தாள்.

"எவேலியோ, குழாய்க்கு நீங்கதானே கடைசி? சொன்னா என்ன, வாய் தேஞ்சிடுமா?"

கேட்ட குரலுக்குச் சொந்தக்காரன் யோர்திஸ், துறைமுக அணியின் கேட்சர்.

"மைதானத்துல நான் முன்னாடி, இங்க நீங்க முன்னாடி. நல்லா இருக்குண்ணே," என்றான். அவனுக்கு இடுப்புத் தட்டு விலகியிருந்தது. ஓசோனை முதுகில் ஊசியாகப் போட்டார்கள். ஆம்பளைக்குப் போடுகிற இடம் அதுதான் என்று இரண்டு தடவை சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை முட்டி மடங்கியது. வாயுவாலா வீம்பாலா என்று அவருக்கே தெரியாது. ஒன்பதாவது சுற்றில் இரண்டு அணியும் சமம். சர்க்கரை ஆலை அணிக்காரன் ஒருவன் வெற்றி ஓட்டத்துக்காக, யோர்திஸ் காக்கும் கடைசி முனைக்குப் புழுதியில் சறுக்கி வந்தான். யோர்திஸ் பந்தோடு அவன்மேல் விழுந்தான். எவேலியோ கிட்டத்தில் குந்தியிருந்தார். பந்து அவன்மேல் படுமுன் அவன் கால் முனையில் பட்டதைப் பார்த்தார்.

யோர்திஸ் எழுந்திருக்காமலே மெதுவாகச் சொன்னான்.

"அவுட்னு சொல்லுங்கண்ணே. இல்லேன்னா குழாய் விஷயம் கேலரிக்குப் போயிடும்."

எவேலியோ புழுதியைப் பார்த்தார். கேலரியைப் பார்த்தார். அவர் மனைவி நெரைதா அங்கே கடலை தின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையையும் விரித்தார். அவுட் இல்லை. ஆலை அணி ஜெயித்தது, ஆட்டம் முடிந்தது.

யோர்திஸ் முகமூடியைக் கழற்றி எறிந்தான். கேலரிப் பக்கம் திரும்பி, எல்லாவற்றையும் சொன்னான். குழாயின் நீளத்தைக் கையால் காட்டினான். நெரைதா கடலையைக் கீழே வைத்தாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். மூன்றாம் வரிசையில் ஒரு பருத்த அம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அந்த மெஷின் ஓடுதா? எந்த ஆஸ்பத்திரில?"

சிரிப்பு நின்றது. தங்கள் பகுதியில் ஜனவரியிலிருந்து ஓசோன் தயாரிக்க ஆக்சிஜன் இல்லை என்றார் ஒருவர். தோள்பட்டைக்குக் கேட்குமா என்றார் இன்னொருவர். அரைக் கேலரி வேலியைத் தாண்டி இறங்கி எவேலியோவைச் சூழ்ந்தது. தோற்ற அணியின் பயிற்சியாளர், வலிக்குமா என்று காதோரம் கேட்டார். வலிக்காது, வயிறு மட்டும் கொஞ்சம் உப்பும் என்று எவேலியோ நடுவர் குரலில் அறிவித்தார். அவன் அவுட்தான் என்று யோர்திஸ் தனியாகக் கத்திக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை மருத்துவமனை வாசலில் எழுபது பேர். பதினொரு மணிக்கு ஆக்சிஜன் சிலிண்டர் தீர்ந்தது. அடுத்தது எப்போது வரும் என்று நர்ஸுக்கும் தெரியவில்லை.

யோர்திஸ் இடுப்பில் கையை ஊன்றியபடி நடைபாதையில் உட்கார்ந்தான். பக்கத்தில் உட்கார எவேலியோவுக்கு நெடுநேரம் பிடித்தது.

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல?" என்றார்.

"நீங்க அவுட் குடுத்திருக்கலாம்ல?"

"அது அவுட் இல்லடா."

யோர்திஸ் இடுப்பைத் தேய்த்துக்கொண்டான். "இல்லதான்," என்றான்.