மாப்பிள்ளை கையில் கட்டியது வாட்ச்சுதானா?

1

"வாட்ச்சுன்னா முள்ளு ஓடணும்பா! காதுல வெச்சா டிக்கு டிக்குன்னு கேக்கணும். இது வாட்ச்சே இல்ல!"

"மணி காட்டுதுங்களே சம்பந்தி. அதுக்கு மேல என்ன வேணும்?"

"எங்க காட்டுது? தேங்காய்க்கும் வெத்தலைக்கும் நடுவுல கரிக்கட்டையாட்டம் படுத்துக் கெடக்குது. நல்ல காரியத்துல இப்படியா கருப்பா ஒண்ண வெப்பாங்க?"

"படுக்க வெச்சா தூங்கிடும்ங்க. கையில கட்டித் தூக்கினா முழிச்சுக்கும்."

"தூங்கவும் முழிக்கவும் இது என்ன வாட்ச்சா, உன் மச்சினனா?"

இந்தக் கதை எனக்குச் சத்தமாகத்தான் கிடைத்தது. மரக்காணத்தில் உப்பளத்துக்குப் போகிற தெருவில், மண்ணாங்கட்டி வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். ஆனால் அன்றைக்குச் சுவர் தேவைப்படவில்லை. அவர் மகள் சூர்யகலாவின் நிச்சயதார்த்தத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். (அழைக்காவிட்டாலும் போயிருப்பேன்.) கத்தியவர் மாப்பிள்ளையின் அப்பா சக்கரபாணி. கிளியனூர்க்காரர், எங்கள் ஊரில் உப்பளம் குத்தகைக்கு எடுத்திருப்பவர். பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு மோதிரமும் வாட்ச்சும் போடுவது வழக்கம். மோதிரம் பிரச்சினை செய்யவில்லை. மோதிரம் சார்ஜ் கேட்பதில்லை.

2

முதலில் இந்தக் கதையை இப்படித் தொடங்கினேன்: "பாத்திகளில் உப்பு வெயிலில் வைரமாய் மின்னிக்கொண்டிருந்த"

அடித்துவிட்டேன். உப்பளத்தைப் பார்க்காதவர்கள்தான் அதை மின்ன வைப்பார்கள். அங்கே வெயிலில் நின்றால் கண் கூசும், கால் வெடிக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது தொடக்கம்: "சமையலறையில் சூர்யகலா". இது பரவாயில்லை. இதையே பிடித்துக்கொள்கிறேன்.

சமையலறையில் சூர்யகலா பட்டுப்புடவையில் நின்றுகொண்டிருந்தாள். பாண்டிச்சேரியில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்க்கிறவள். அந்த ஸ்மார்ட் வாட்ச் அவள் தேர்ந்தெடுத்தது. "தங்கக் கலர் செயின் வெச்சது ஒண்ணு வாங்கிடலாம்மா" என்று மண்ணாங்கட்டி கெஞ்சிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை.

"அது வேணாம்ப்பா. உன் கல்யாணத்துல நீ கட்டுன வாட்ச் எங்க இருக்குது? பீரோவுலதான? அவர் தினம் உப்புத் தண்ணியில நிக்கிறவரு. இது ரப்பர் பட்டை, துரு ஏறாது."

அவள் சொன்னதில் தப்பில்லை.* ஆனால் சரியாகச் சொல்கிற பெண்ணை எங்கள் தெரு சும்மா விடாது. ஏற்கெனவே நகைப் பேச்சில் ஒரு சம்பந்தம் முறிந்திருந்தது. இதுவும் முறிந்தால், 'பொண்ணோட கெட்டிக்காரத்தனத்தாலதான் போச்சு' என்பார்கள். (யார் என்பார்கள்? நான்தான். வேறு யார்?) போதாததற்கு, அவளுக்கு மாப்பிள்ளை வெற்றிச்செல்வனைப் பிடித்துவிட்டது. போனில் அவள் பேசுவதை முழுசாகக் கேட்டுவிட்டுப் பிறகு பேசுகிற ஆள்.

*எங்கள் ஊரில் கல்யாண வாட்ச்சின் ஆயுள் ஒரு நாள். மண்டபத்தில் கட்டுவார்கள், போட்டோவில் கையைத் தூக்கிக் காட்டுவார்கள், பிறகு பஞ்சில் சுற்றி பீரோவில் வைத்துவிடுவார்கள். வெளியே எடுத்தால் உப்புக்காற்று தின்றுவிடும். உள்ளே வைத்தால் அதுவாகவே நின்றுவிடும்.

3

இந்தக் கதையில் எனக்குப் பிடிபடாத ஆள் வெற்றிச்செல்வன். அப்பா கத்துகிறார், அவன் பாயில் உட்கார்ந்து பாயையே பார்க்கிறான். அவனுக்கு ஒரு வசனம் எழுதினேன்: "அப்பா, காலம் மாறிப்போச்சு". படித்துப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருந்தது. அவன் அப்படிச் சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை. வாயில்லாத பிள்ளை என்று எழுதி அடுத்த பத்திக்குப் போயிருப்பேன். சூர்யகலாவின் போனை எட்டிப் பார்க்காமல் இருந்திருந்தால்.

பார்த்தேன். என் சுபாவம் அது.

சம்பந்தியைச் சமாதானப்படுத்த, மண்ணாங்கட்டி வாட்ச்சை எடுத்து மாப்பிள்ளை கையில் கட்டிவிட்டிருந்தார். அது முழித்துக்கொண்டது. ஆனால் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அவள் முன்பே அதைத் தன் போனோடு இணைத்துவைத்திருந்தாள். கட்டியபிறகு அவன் போனுக்கு மாற்றிக் கொடுப்பதாக எண்ணம். இப்போது அவள் உள்ளங்கையில் ஒரு சிவப்பு இதயம் துடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் 124.

"என்னடி இது?"

"அவரோட நாடித் துடிப்புக்கா." அவள் குரல் வெளியே வரவில்லை. "உக்காந்துதான இருக்காரு. எதுக்கு இப்படி ஓடுது?"

எட்டிப் பார்த்தோம். சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு சொந்தக்காரர்களின் முதுகுகள். அவற்றுக்கிடையே கல்லுப்பிள்ளையார் மாதிரி அவன் முகம். மறுபடியும் போனைப் பார்த்தோம். 131.

4

"ராத்திரிக்கு ஒயர்ல மாட்டணுமாமே? அப்ப அது போனு! மாப்பிள்ளைக்கு வாட்ச் போடுறேன்னு சொல்லிட்டு போனு போடுறியா?"

இங்கேதான் மாப்பிள்ளையின் அம்மா பாப்பாத்தி வாயைத் திறந்தார். நல்ல மனசோடுதான்.

"ஏங்க, உங்க கையில இருக்குதே, நம்ம கல்யாணத்து வாட்ச்சு. அதுல மணி இப்ப என்ன?"

சக்கரபாணி தன் கையைப் பார்த்தார். விசேஷத்துக்காக பீரோவிலிருந்து எடுத்துக் கட்டி வந்தது. முள் இருந்தது. இரண்டு முள்ளும் இருந்தன. இரண்டே காலில் நின்றுகொண்டிருந்தன. அப்போது காலை பதினொரு மணி.

"ஓடாதது வாட்ச்சு, ஓடுறது வாட்ச் இல்லியா?" என்றார் பாப்பாத்தி.

கூடம் முழுக்கச் சிரித்தது. (நானும்தான்.) சிரிக்காதவள் சூர்யகலா ஒருத்தி. பத்துப் பேர் நடுவில் மாமனாரின் மானத்தைச் சிரிப்பாய்ச் சிரிக்கவைத்த வாட்ச் அவள் வாங்கியது.

"கழட்டுடா அத!" சக்கரபாணி எழுந்துவிட்டார். "கழட்டித் தட்டுல வெச்சுட்டு வாடா, போலாம். முள்ளு வெச்ச வாட்ச் வாங்கினதுக்கு அப்புறம் கூப்பிடட்டும்!"

சூர்யகலா என் முழங்கையைப் பிடித்தாள். அந்த நகக்குறி ஒரு வாரம் இருந்தது. வெளியே முதுகுகள்தான் தெரிந்தன. போனில் 138. 140. பிறகு

--

எண் போய்விட்டது. இரண்டு கோடு மட்டும்.

"கழட்டிட்டாருக்கா" என்றாள்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். பக்கத்தில் ஒரு நல்ல வாட்ச் இல்லை.

பிறகு கோடுகள் போய், எண் வந்தது. 152.

5

அது வேறு ஆளின் நாடி. முதுகுகள் விலகியபோது வாட்ச் சக்கரபாணியின் கையில் இருந்தது. ஓடாத வாட்ச்சுக்குப் பக்கத்திலேயே. அத்தனை சத்தம் போட்டவரின் நெஞ்சு, பாயைப் பார்த்துக்கொண்டிருந்தவனின் நெஞ்சைவிட வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. பாவம், பயந்துதான் கத்தியிருக்கிறார். அந்த எண்ணைத் தன் கையிலேயே பார்த்துவிட்டு அவர் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். "தட்ட மாத்துங்க" என்றார்.

வாட்ச் எப்படி அவர் கைக்குப் போனது? எழுதுவதற்காக எல்லோரிடமும் விசாரித்தேன். எழுதாவிட்டாலும் விசாரித்திருப்பேன்.

மண்ணாங்கட்டி சொல்வது: "மாப்ள எழுந்து, 'நீயே கட்டிப் பாருப்பா'ன்னு அவர் கையில கட்டிவிட்டாரு. சிங்கம்மா அவரு!"

பாப்பாத்தி சொல்வது: "அவன் எங்க? அப்பன் சொன்னதும் கழட்டித் தட்டுல வெச்சுட்டான். நான்தான் எடுத்து இவரு கையில மாட்டி, கத்தாம உக்காருங்கன்னேன்."

சக்கரபாணி சொல்வது: "யாரு கத்துனது?"

மூன்றாவதை விட்டுவிடுங்கள். முதலாவது நடந்திருந்தால் சூர்யகலாவுக்கு வாய்த்தவன் ஒருவன். இரண்டாவது என்றால் வேறொருவன். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அந்த இரண்டு கோடு ஒன்றுபோலவே இருக்கிறது. எனக்குத் தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை. நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் எடுத்ததை அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

6

தை மாதம் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு முள் வைத்த வாட்ச் போட்டார்கள். அது மறுநாளே பீரோவுக்குப் போனது. மண்ணாங்கட்டி வானூர்ப் பக்கம் வீடு பார்த்துப் போய்விட்டார். பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது, எனக்குப் பொழுது போகவில்லை.

சூர்யகலா கிளியனூரில் இருக்கிறாள். கறுப்பு வாட்ச்சைச் சக்கரபாணி கழற்றுவதே இல்லை. "இது வாட்ச் இல்லதான், ஆனா நல்லா இருக்குது" என்கிறாராம். அது இன்னும் அவள் போனோடுதான் இணைந்திருக்கிறது. காலையில் அப்பாவும் பிள்ளையும் உப்பளத்துக்குக் கிளம்பினால், தூரத்தில் இணைப்பு அறுந்து இரண்டு கோடு. பொழுதெல்லாம் இரண்டு கோடு. சாயங்காலம் வண்டி தெருமுனை திரும்பி வாசலுக்கு வரும்போது எண் வந்துவிடும். அவள் டீக்கு அடுப்பைப் பற்றவைப்பாள்.

மாமனாருக்குப் பின்னால் வெற்றிச்செல்வன் வாட்ச் இல்லாத கையோடு வருவான். அவனுக்கு எண் கிடையாது. அவன் முகத்தைப் பார்த்துத்தான் அவள் தெரிந்துகொள்ள வேண்டும். போன வாரம் போயிருந்தபோது பார்த்தேன். டம்ளரை நீட்டும்போது இன்னும் அவன் மணிக்கட்டைத்தான் பார்க்கிறாள்.