வடக்குச் சுவரில் நான்கு மில்லிமீட்டர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை பக்தியில் பிறக்கவில்லை, திருதிருவென்று முழித்ததில் பிறந்தது. அம்மன் கோயில்களுக்கான வழிகாட்டிப் புத்தகம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் போட்டிருந்த வடக்கு வாசலைத் தேடி ஒரு கோயிலை மூன்று முறை சுற்றினேன். வாசலைக் காணோம். மூன்றாவது சுற்றில் ஒரு பெரியவர் என்னைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் நினைப்பைக் கெடுப்பானேன் என்று நான்காவது சுற்றும் சுற்றினேன்.

வீட்டுக்கு வந்து புத்தகம் போட்டவர்களுக்குச் சூடாக ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். "இந்த வரைபடத்தைப் போட்ட புண்ணியவான் யார்?" என்று ஆரம்பித்தேன். யாராக இருக்கும் என்று யோசிக்கப் போய், கடிதம் உருமாறிக் கதையாகிவிட்டது.

2

தொடக்கங்கள் மூன்று எழுதினேன்.

"மாலை வெயிலில் பொன்னாய் மின்னும் கோபுரத்தின்—" வேண்டாம். நான் போனபோது மணி பதினொன்று, மேகமூட்டம்.

"கோயில் என்பது நிற்கின்ற ஓர் உடல். அடிப்பீடம் பாதம், சுவர் உடம்பு, அதற்குமேல் தோள், கழுத்து, தலை, முடி என்று—" இது கட்டுரை. சிற்பிகள் அப்படித்தான் சொல்கிறார்கள், பொய்யில்லை. ஆனால் இந்த வாக்கியத்தில் ஓர் ஆள்கூட இல்லை.*

"வரைபடக்காரி போனை எடுத்தாள்." இது போதும். ஆள் வந்துவிட்டாள், போனும் வந்துவிட்டது.

* இருந்தாலும் அடிக்க மனம் வரவில்லை. பின்னால் வரப்போகும் ஓர் அத்தைக்கு உதவும்.

3

வரைபடக்காரிக்கு வேலை ஒரு பதிப்பகத்தின் மூன்றாவது மாடியில். சாய்வு மேசை, மசிப்பேனா, ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் முதுகு. புகைப்படங்களையும் அளவுத்தாள்களையும் வைத்துக்கொண்டே இருபத்து நான்கு அம்மன் கோயில்களை வரைந்து முடித்தவள். ஒன்றுக்கும் நேரில் போனதில்லை. எல்லாத் தாய்மாரையும் உச்சந்தலைக்கு மேலிருந்துதான் அவளுக்குத் தெரியும்.

அவள் தொழிலில் ஒரு விதி உண்டு. தொடர்ந்து போகும் கோடு சுவர். கோட்டில் இடைவெளி விட்டால் அது வாசல்.

பதினேழாவது கோயிலின் வடக்குச் சுவரைப் பாதி இழுத்திருந்தபோது அத்தையின் போன் வந்தது. [இந்த இடத்தில் "தாயில்லாத அவளை வளர்த்த அத்தை" என்று எழுதியிருந்தேன். பரிதாபம் பிடிக்கும் வேலை. அடித்துவிட்டேன். வாரம் இரண்டு முறை கூப்பிட்டு நாற்பது நிமிஷம் முட்டிவலியைப் பற்றிப் பேசும் அத்தை, அவ்வளவுதான்.] பேனாவைத் தூக்கினாள். நாற்பது நிமிஷம் கழித்து நான்கு மில்லிமீட்டர் தள்ளி வைத்தாள். அந்த வரைபடத்தின் அளவுக்கு நான்கு மில்லிமீட்டர் என்றால் தரையில் ஒரு மீட்டர். ஓர் ஆள் தாராளமாக நுழையலாம்.

எழுத்துப்பிழைக்குக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும் பதிப்பாளர், கோட்டைப் பார்த்துச் சந்தேகம் கேட்டதென்னவோ உண்மை.

"ஏம்மா, வடக்கு வாசலுக்குப் படியே போடலையே?"

அவள் அப்போது பத்தொன்பதாவது கோயிலில் இருந்தாள். நிமிரவில்லை. "போடலைன்னா படி இல்லை சார்."

மனிதர் வரைபடத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் சேர்த்தார்: முட்டிவலி உள்ளவர்கள் வடக்கு வாசலைப் பயன்படுத்தலாம், படிகள் இல்லை.

4

"ஏண்டி, உன் புத்தகம் வந்துடுச்சு. வடக்குல படியில்லாத வாசல் இருக்காமே! எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"அத்தை, அது வந்து..."

"வந்தும் இல்லை, போயும் இல்லை. வெள்ளிக்கிழமைக்கு வேன் சொல்லியாச்சு. பன்னிரண்டு பேர் போறோம். பன்னிரண்டு பேருக்கும் முட்டி போச்சு. என் மருமக போட்ட வாசல்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்."

அத்தை அந்தக் கோயிலுக்கு இரண்டு முறை போனவள். கிழக்கு வாசலுக்கு ஏழு படிகள், ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். இரண்டு முறையும் கீழே நின்று, உள்ளிருட்டில் தெரிந்த விளக்கை மட்டும் கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள். தூக்கிக்கொண்டு போகிறோம் என்று வந்தவர்களை "நான் என்ன மூட்டையா?" என்று விரட்டிவிட்டாள். வெளியில் சிரித்தாலும் உள்ளே ஓர் ஏக்கம் இருந்தது. ஒரு தடவையாவது அம்மன் முகத்தைக் கிட்டத்தில் பார்த்துவிட வேண்டும்.

வாசல் கிடையாது அத்தை, அது என் கைத்தவறு என்று வரைபடக்காரி அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இவளை வைத்துக் கதை எழுதுகிறோமே, இவ்வளவு கோழையா என்று எனக்கே சந்தேகம் வந்தது. பிறகு நான் சுற்றிய நான்காவது சுற்றை நினைத்துக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டேன்.

5

வெள்ளிக்கிழமை காலை வேனுக்கு முன்னால் அவள் போய்ச் சேர்ந்தாள், கைப்பையில் அளவு நாடாவோடு. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கோயிலைக் கீழேயிருந்து பார்த்தாள். கழுத்து வலித்தது. அவள் ஐந்து கோடுகளில் முடித்திருந்த அடிப்பீடம் அவள் தலையைத் தாண்டி உயர்ந்திருந்தது. அதைச் சுற்றித் தாமரை இதழ்கள், ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். தடவிக்கொண்டே வடக்குப் பக்கம் வந்தாள். மேற்கு மூலையிலிருந்து நாடாவைப் பிடித்து, தான் விட்ட இடைவெளி எந்த இடம் என்று அளந்து அங்கே நின்றாள். முழுக் கருங்கல். ஊசி நுழைய இடமில்லை.

வேன் வந்தது. பன்னிரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். அத்தை புத்தகத்தை விரித்தபடி முன்னால் நடந்துவந்தாள்.

"எங்கடி வாசல்?"

சொல்லிவிட்டாள். "நீங்க போன் பண்ணினப்போ பேனாவைத் தூக்கினேன் அத்தை. திரும்ப வைக்கும்போது தள்ளி வெச்சுட்டேன். அந்த இடைவெளிதான் வாசல்னு அச்சாயிடுச்சு."

அத்தை புத்தகத்தில் அந்த இடைவெளியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அப்போ வாசலைப் போட்டதே நான்தானா?" என்றாள் அத்தை.

பதினோரு பேரும் சிரித்துவிட்டார்கள். அத்தை கோயிலை ஏற இறங்கப் பார்த்தாள். "இவளுக்குப் பாதம் இருக்கு, தோள் இருக்கு, கழுத்து இருக்குன்னு உன் புத்தகத்துல போட்டிருக்கே. முட்டி இருக்குன்னு எங்கேயாவது போட்டிருக்கா? அதான் இவளுக்கு நம்ம கஷ்டம் தெரியலை."

மறுபடியும் சிரிப்பு. ஆனால் அத்தை புத்தகத்தை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியது. இதை வேடிக்கையாக எழுத எனக்கு வரவில்லை.

6

இங்கே கதை நின்றுவிட்டது. மூன்று நாள் நின்றது. கையிலிருந்த முடிவுகள்:

அ) சுவர் பிளந்து வழிவிட்டது. எழுதிப் பார்த்தேன். சிற்பிகள் என்னை மன்னிக்க மாட்டார்கள்.

ஆ) அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு ஏழு படியும் ஏறினாள், அனைவரும் கை தட்டி— மேடைப் பேச்சாளர் யாராவது எடுத்துக்கொள்ளட்டும்.

இ) நிர்வாகம் ஒரு சாய்வுப்பாதை கட்டியது. நியாயமான முடிவு, கட்டவும் வேண்டும். ஆனால் வேன் இன்று மத்தியானம் திரும்புகிறது.

7

உள்ளே மணி அடித்தது.

வரைபடக்காரியின் தலைக்கு மேலே சுவரிலிருந்து ஒரு கல் நீட்டிக்கொண்டிருந்தது. அளவுத்தாளில் விட்டுப்போனது அது. புகைப்படத்தில் பார்த்து, ஏதோ அலங்காரம் என்று நினைத்திருந்தாள். அதன் நுனியில் ஒரு சொட்டு திரண்டது. அடுத்த நிமிஷம் தண்ணீர் தாரையாக அவள் மேலும் நாடா மேலும் அத்தை மேலும் கொட்டியது.*

"இது எங்கேருந்துடி வருது?"

"உள்ளேருந்து அத்தை. அம்மனுக்கு அபிஷேகம் ஆகுது. அந்தத் தண்ணி வெளியே வர சுவருக்குள்ள வழி வெட்டி வெச்சிருக்காங்க."

"அவ தலையில ஊத்தினதா?"

"தலையில ஊத்தி, முகத்துல வழிஞ்சு, காலடியில விழுந்து, இங்க வருது."

அத்தை விலகவில்லை. முகத்தை நிமிர்த்திக் காட்டினாள். "அவ முகத்தைப் பார்க்கணும்னு நான் இத்தனை வருஷமா முட்டியைத் திட்டிக்கிட்டிருந்தேன். இப்போ பாரு, அவ முகம் கழுவின தண்ணி என் முகத்துல" என்றாள். பிறகு திரும்பி, "ஏய், என்ன வேடிக்கை பார்க்கிறீங்க? வாங்கடி!" என்று மற்றவர்களை அதட்டினாள். முட்டி போன பதினோரு பேரும் ஓடிவந்ததை வேன்காரர் மட்டும்தான் முழுதாகப் பார்த்தார்.

* வசதியாக நான் கொண்டுவந்து வைத்தேன் என்று நினைப்பீர்கள். இல்லை. கிழக்கு பார்த்த கோயில்களில் அபிஷேக நீர் வடக்குப் பக்கமாக வெளியேறுவது சிற்பிகளின் வழக்கமான ஏற்பாடு. நானே அந்தக் கல்லுக்கு அடியில் நான்கு முறை போயிருக்கிறேன். நான் போன நேரத்துக்கு அது காய்ந்து கிடந்தது.

8

திங்கட்கிழமை பதிப்பாளர் மறுபதிப்புக்கான தாளை மேசையில் வைத்தார். "அந்த இடைவெளியை மூடிடும்மா. நாலு பேர் திட்டி எழுதிட்டாங்க."

அத்தையின் தோழியரில் பாதிப் பேர் மூடச் சொல்கிறார்கள்: வாசல் தேடி வந்து ஏமாறுகிறவர்கள் பாவம். மீதிப் பேர் கூடாது என்கிறார்கள்: வாசல் என்று போடாவிட்டால் அந்தச் சுவர்ப் பக்கம் எவள் வருவாள்? இரண்டு கட்சியும் சொல்வது சரியாகத்தான் படுகிறது. கடிதம் எழுத உட்கார்ந்த நானோ, எந்தக் கட்சி என்று சொல்லும் யோக்கியதையை இழந்துவிட்டேன்.

வரைபடக்காரி பேனாவில் மசி நிரப்பினாள். மேற்கு மூலையில் வைத்துக் கோட்டை நேராக இழுத்துக்கொண்டு வந்தாள். பாதிச் சுவரில் போன் அடித்தது. அத்தைதான்.

பேனாவைத் தூக்கினாள். இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கிறது. அதுவரை பேனாவை நீங்கள் வைத்திருங்கள்.

———————————