உல்டா சுக்கான்

அந்தமானில், ரங்கத் ஒயர்லெஸ் ஆபீசில் வேலை பார்த்த நீலாவதிக்கு, 1973 ஜனவரியில் ஒரு விமானத்தைக் கெடுக்கும் எண்ணம் வந்தது. முழுக்க அல்ல, கொஞ்சம்.

விமானம் ரோடு கான்ட்ராக்டர் நாகரத்தினத்துடையது. ஐந்தடி இறக்கை, ரேடியோவில் ஓட்டும் மாதிரி விமானம். கல்கத்தா கப்பலில் வந்த இன்ஜினீயர் ஒருவர் பெட்டியோடு கொடுத்துவிட்டுப் போனது. திறந்து உள்ளே கிடந்த கம்பிகளைப் பார்த்த நாகரத்தினம் உடனே மூடி, நீலாவதி வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

மூன்று வாரம் ஆபீஸ் விட்டு வந்ததும் அவள் அதோடுதான் உட்கார்ந்தாள். வாலுக்குப் போகும் கம்பிகள் உப்புக் காற்றில் துருப்பிடித்திருந்தன. சைக்கிள் ஸ்போக்கை வெட்டி, நுனியை வளைத்து மாட்டினாள். துளை கொஞ்சம் பெரிதானாலும் வால் ஆடும் என்று ஊசியைச் சுடவைத்து ஓட்டை போட்டாள். கையில் இருக்கும் ரேடியோ பெட்டியின் குச்சியை அசைத்தால், விமானத்தின் வயிற்றில் இருக்கும் குட்டி மோட்டார் தன் கையைத் திருப்பும். அந்தக் கை கம்பியைத் தள்ள, கம்பி வால் சுக்கானைத் திருப்பும்.

எல்லாம் முடிந்த அன்று கடைத்தெருவில் நாகரத்தினம் பேசியது அவள் காதில் விழுந்தது.

"முழுக்க நான் செஞ்சதுதான். நீலாவதி சும்மா கம்பி மாட்டிக் கொடுத்தா, பூக் கட்டுற மாதிரி."

வீட்டுக்கு வந்ததும், மோட்டார்க் கையின் இடது நுனியில் இருந்த சுக்கான் கம்பியைக் கழற்றி வலது நுனியில் மாட்டினாள். இனி குச்சியை இடது பக்கம் தள்ளினால் விமானம் வலது பக்கம் திரும்பும். ஏற்றி இறக்கும் கம்பியைத் தொடவில்லை. தன் மூன்று வார உழைப்பு நொறுங்கக் கூடாதே. ஒரு தடுமாற்றம், நாலு பேர் சிரிப்பு, ரேடியோ பெட்டி தன் கைக்கு வந்துவிடும். அவ்வளவுதான் ஆசை.

ஞாயிற்றுக்கிழமை, அறுத்த வயலில் பாதி பஜார் கூடிவிட்டது. காற்று நாகரத்தினத்தின் முதுகுப் பக்கமிருந்து வீசியது. காற்றை எதிர்த்துத்தான் விட வேண்டும் என்பதால், லாரி டிரைவர் தங்கையா விமானத்தைத் தூக்கிக்கொண்டு வயலின் மறுகோடிக்குப் போய், அங்கிருந்து நாகரத்தினத்தை நோக்கி எறிந்தார்.

விமானம் நேரே வந்தது. நாகரத்தினம் குச்சியை இடது பக்கம் தள்ளினார். விமானம் அவருடைய இடது பக்கமே ஒதுங்கியது. வலது பக்கம் தள்ளினார். வலது பக்கமே வந்தது.

"க்யா பாத் ஹை, பாபு," என்று மெச்சினார் ஒரு பெங்காலி வியாபாரி.

நீலாவதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிரே வருகிறவருடைய வலது நமக்கு இடது என்பது அப்போதுதான் உறைத்தது. ஒழுங்காக மாட்டியிருந்தால்தான் மனிதர் தடுமாறியிருப்பார். அவளுடைய குறும்பு அவரை ஒரே நாளில் பைலட் ஆக்கிவிட்டது.

விமானம் அவர் தலையைத் தாண்டியது. நாகரத்தினம் திரும்பி நின்றார். இப்போது அது அவரை விட்டு விலகி, இடப்பக்கத்துப் பாக்குத் தோப்பை நோக்கிச் சாய்ந்தது. வலது பக்கம் தள்ளினார். இன்னும் சாய்ந்தது.

"நீலாவதி, இது சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்குது."

"பெட்டிய இங்க கொடுங்க அண்ணாச்சி."

வாங்கி, குச்சியை இடது பக்கம் தள்ளி, வட்டம் அடிக்கவைத்து, வயலில் வைக்கோல் மேல் இறக்கினாள். ஒரு கீறல் இல்லை.

விமானத்தை எடுக்கப் போகும் வழியில் சொல்லிவிட்டாள். "சுக்கான் கம்பிய உல்டாவா மாட்டுனது நான்தான். வேணும்னே மாட்டுனேன். கடைத்தெருவுல நீங்க பேசுனதக் கேட்டேன்."

நாகரத்தினம் கழுத்தைச் சொறிந்துகொண்டார்.

"நான் பேசுனது தப்புதான்," என்றார். பிறகு, "ஆனா வரும்போது எனக்கு நல்லாத்தானே ஓடிச்சு?"

"ஓடிச்சு."

"அப்ப மாத்தாத. உல்டாவே இருக்கட்டும். வர்றத நான் பாத்துக்கிடுதேன், போறத நீ பாத்துக்க."

அதன்பின் ஞாயிறுதோறும், விமானம் தலைக்கு மேல் கடக்கும்போதெல்லாம் பெட்டி கை மாறியது. அந்த மெஷினே அப்படித்தான் போலிருக்கிறது என்று பஜார் நம்பியது. விமானம் விலகிப் போகும் தன் முறை மட்டும் அதிக நேரம் பிடிக்கும்படி நீலாவதி பார்த்துக்கொண்டாள்.