நார்மல் மூன்று

அந்த ஆய்வுக்கூடத்தில் அவரை எல்லோரும் வள்ளல் என்றுதான் கூப்பிடுவார்கள். பெருமைக்கு இல்லை, கிண்டலுக்கு. செல் வளர்க்கும் தட்டுகளில் ஹார்மோன் ஊற்றக் கூடாததிலும் ஊற்றிவிடுகிற தாராளக் கை என்று நான்கு வருடத்துக்கு முன் கூடத்துத் தலைவியான மேடம் வைத்த பெயர். சொட்டுச் சொட்டாக அளந்து விடும் பிப்பெட் குழாயை இருபத்திரண்டு வருடம் பிடித்த கை அது. பெயர் ஒட்டிக்கொண்ட பிறகு அதையெல்லாம் யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

வேலை இதுதான். ரத்தத்தின் இளம் செல்கள் தாமாக வளர்வதில்லை. ஒரு ஹார்மோன் வந்து செல்லின் வாசலில் மணி அடிக்க வேண்டும். வாசலுக்கு உள்ளே தூங்கும் காவல்காரப் புரதம் அதைக் கேட்டு விழித்து, ஒரு தூதுப் புரதத்தைத் தட்டி அனுப்பும். அது நேரே உட்கருவுக்குப் போய், பூட்டிக் கிடந்த மரபணுக்களைத் திறக்கும். அதன் பிறகுதான் செல் பெருகிச் சிவப்பணு ஆகும். சில நோயாளிகளுக்கு யாரும் மணி அடிக்காமலே அந்தக் காவல்காரன் கூச்சல் போடுகிறான். அவர்கள் செல்கள் ஹார்மோன் இல்லாத தட்டிலும் சிவப்பாகக் கொத்துக் கட்டும். இதைக் காட்ட, ஒப்பிடுவதற்கு ஆரோக்கியமானவர்களின் ரத்தமும் வேண்டும். வேறு யார் அகப்படுவார்கள், கூடத்து ஆட்கள்தான். டிரைவர் நார்மல் ஒன்று, ஸ்டோர்காரர் நார்மல் இரண்டு, வள்ளல் நார்மல் மூன்று.

ஆரோக்கியமான ரத்தம் ஹார்மோன் இல்லாத தட்டில் சும்மா கிடக்க வேண்டும். வள்ளலுடையது கிடக்கவில்லை. பதினான்காம் நாள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் சிவப்புக் கொத்துகள்.

"என்னங்க இது? ஹார்மோன் தொட்ட பிப்பெட் டிப்பை மாத்தாமலே இதுலயும் விட்டுட்டீங்களா?" என்றார் மேடம்.

"மாத்தினேன்னுதான் நினைக்கிறேன் மேடம்."

"நினைக்கிறதெல்லாம் வேண்டாம். கொட்டிட்டு, ஸ்டோர்காரர்கிட்ட ரத்தம் எடுத்துத் திரும்பப் பண்ணுங்க."

திரும்பச் செய்தால் ஒழுங்காக வந்துவிடும். கவனமாகச் செய்தால் வருகிறது பாருங்கள் என்பார் மேடம். வள்ளலும் நம்பினார். தன் கையைச் சந்தேகித்தாரே ஒழிய ரத்தத்தைச் சந்தேகிக்கவில்லை. நார்மல் என்று சீட்டு ஒட்டிய டியூபை எவன் சந்தேகிப்பான்? முத்து முத்தான எழுத்தில் அவரே நோட்டில் எழுதினார்: 'என் கவனக்குறைவு. தட்டு அப்புறப்படுத்தப்பட்டது.' கீழே கையெழுத்து.

வீட்டில் மனைவியின் கிண்டல் வேறு. "வெந்நீர்ல குளிச்சா இப்படிச் சொறியிற ஆளை நான் பார்த்ததே இல்ல. முகமும் தக்காளி மாதிரி ஆயிட்டு வருது."

"உன் சமையல் அப்படி," என்று மழுப்பிவிடுவார்.

போன மாதம் ஒரு காலையில் வலது கண்ணில் கறுப்புத் திரை விழுந்தது. விழித்திரையின் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்றார்கள். ரத்தப் பரிசோதனைத் தாளைப் புரட்டிய இளம் டாக்டர் முகத்தைச் சுருக்கினாள்.

"ரத்தம் ரொம்பக் கெட்டியா இருக்கு. செல் வாசல்ல சேதி வாங்கிக்கிற புரதத்துல ஒரு கோளாறு. குளிச்சா வர்ற அரிப்பு, முகச் சிவப்பு எல்லாம் இதனாலதான். வந்து பல வருஷம் ஆகியிருக்கும். முன்னாடியே தெரிஞ்சிருந்தா அப்பப்போ கொஞ்சம் ரத்தத்தை எடுத்துட்டு, தினம் ஒரு சின்ன மாத்திரை. கண்ணு அநேகமா தப்பிச்சிருக்கும். எப்படி வருதுங்கிறதெல்லாம் சொன்னா உங்களுக்குப் புரியாதுங்க."

"இவருக்குப் புரியும்மா," என்றாள் மனைவி. "இவர் வேலையே அதுதான்."

மறுநாள் வள்ளல் ஒற்றைக் கண்ணோடு கூடத்துக்குப் போய்ப் பழைய நோட்டுகளை இறக்கினார். நான்கு வருடத்தில் ஐந்து தடவை 'என் கவனக்குறைவு'. ஐந்தும் நார்மல் மூன்று. அவருடைய ரத்தம் ஐந்து முறை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறது. ஐந்து முறையும் அவரே கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார். அலமாரிக்குப் பின்னால் நின்று குலுங்கி அழுதார்.

அவர் கொண்டுவந்து வைத்த நோட்டுகளை மேடம் பக்கம் பக்கமாகப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் வாடவில்லை, மலர்ந்தது.

"நோய் வெளியில தெரியறதுக்கு நாலு வருஷம் முன்னாடியே தட்டுல தெரிஞ்சிருக்கு! இது பெரிய கட்டுரைங்க."

"மேடம், என் கண்ணு போச்சு."

"ஐயோ, எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு." ஒரு மூச்சு விட்டார். "ஆனா பழைய தட்டு எதுவும் இல்லையே. இன்னிக்கே ஒரு டியூப் குடுங்க, திரும்பப் போட்டுப் பார்த்துடலாம்."

"இந்த 'என் கவனக்குறைவு'ங்கிறதையாவது அடிச்சிடலாமா?"

"நோட்டுல எழுதினதை அடிக்கக் கூடாதுன்னு உங்களுக்கா சொல்லணும்?"

வள்ளலுக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். நோட்டைத் தூக்கி மேடத்தின் முகத்தில் எறியத் தோன்றியது. ஆனால் அதைவிட, அந்தத் தட்டு எல்லோர் கண்ணெதிரிலும் வளர வேண்டும் என்ற வெறி பெரிதாக இருந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டார். பழக்க தோஷம், சீட்டில் 'நார்மல்' என்று எழுதிவிட்டார். அதைக் கிழித்துப் போட்டு வேறு சீட்டில் 'நோயாளி நாற்பத்தொன்று' என்று எழுதி ஒட்டினார்.

பதினான்காம் நாள் இடது கண்ணை வைத்துப் பார்த்தார். ஹார்மோன் ஒரு சொட்டும் படாத தட்டு முழுக்கச் சிவப்புக் கொத்துகள். மேடமும் குனிந்து பார்த்துவிட்டு அவர் தோளைத் தட்டினார்.

"எவ்வளவு சுத்தமா வந்திருக்கு! உங்க கையே கைதாங்க."

நான்கு வருடத்தில் அந்த வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. "ரொம்ப நன்றி மேடம்," என்றார் வள்ளல். சொல்லித் தொலைத்தோமே என்று வீடு போய்ச் சேரும்வரை தன்னையே திட்டிக்கொண்டு நடந்தார்.